இரண்டு சுருட்டுத் தூரம்

போன ஞாயிற்றுக்கிழமை கிளேடாங் மலை அடிவாரத்தில் நாம் ஆறு பேரும் நின்று போட்ட சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். உச்சிக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் விவகாரம். ஒருவர் கைப்பேசியைத் தட்டிப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். செயற்கை முட்டி வைத்துக்கொண்டு வந்தவர் அதில் பாதி போதும் என்று அடித்துப் பேசினார். கைப்பேசிக்கு என்ன தெரியும், அது ஏறியா பார்த்தது என்றார் மூன்றாமவர். கடைசியில் மூன்று கணக்கும் பொய்யாகி, நாம் இறங்கி வந்து சேர்ந்தபோது அடிவாரத்துக் கடையில் நாசி லெமாக் சோறு விற்றுத் தீர்ந்துவிட்டது.

நான் மட்டும் வாயே திறக்கவில்லை என்று குறைப்பட்டீர்கள். மலையில் நேரம் சொல்லும் ஆண்களோடு வாதாடுவதில்லை என்பது பத்து வயதில் நான் எடுத்த முடிவு. ஏன் என்று அப்போதே கேட்டீர்கள். மூச்சு வாங்கியதால் சொல்ல முடியவில்லை. இப்போது உட்கார்ந்து சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் தோட்டம் மலையின் காலடியில் இருந்தது. வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் கதவைத் திறந்தால் ரப்பர் மரம், அதற்குப் பின்னால் காடு, காட்டுக்கு மேலே மலை முதுகு. அந்த முதுகுக்கு அந்தப் பக்கம் இன்னொரு தோட்டம் இருந்தது. காற்று திரும்பினால் அவர்கள் ரப்பருக்குப் புகை போடும் வாசனை வருகிறது என்பார் அப்பா. எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. எங்களுக்கு வந்ததெல்லாம் எங்கள் தோட்டத்து ரப்பர் பால் புளித்த நாற்றம்தான். அது சோற்றிலும் வரும், தலையணையிலும் வரும்.

அந்த மழைக்காலத்தில்தான் அக்காவுக்கு வரன் வந்தது. தரகர் நனைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பையன், லோரி ஓட்டுகிறான், ஒரே பிள்ளை, அம்மா மட்டும்தான் என்றார். பையனின் போட்டோ ஒன்றும் கொடுத்தார். மழையில் ஊறி முகம் கரைந்துபோயிருந்தது. காதும் சட்டைக் காலரும் நன்றாகத் தெரிந்தன. அக்கா அந்தப் போட்டோவை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்து, அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம் பார்த்தாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் அரிசி அடிக்கடி எடுக்கப்பட்டது.

அப்பாவுக்கு வரன் பிடித்திருந்தது. அப்பா எங்கள் தோட்டத்துத் தண்டல். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துவிட்டு நிரை நிரையாக நடந்து மேற்பார்ப்பது அவர் வேலை. லோரி ஓட்டுகிற மாப்பிள்ளை என்றால் தண்டல் வீட்டுக்குப் பொருத்தம் என்று நினைத்தார். அம்மாவுக்கு லோரியும் பெரிதில்லை, ஒரே பிள்ளை என்பதும் பெரிதில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எவ்வளவு தூரம்?"

இதைக் கேட்க அம்மாவுக்குக் காரணம் இருந்தது. அம்மா பிறந்த தோட்டம் தஞ்சோங் மாலிம் பக்கம். கல்யாணப் பேச்சின்போது அவளுடைய அப்பா, "காலையில கிளம்பினா மத்தியானச் சோத்துக்கு வந்துடலாம்மா, பக்கந்தான்" என்று சொல்லி அனுப்பினாராம். அம்மாவைப் பெற்றவள் செத்த செய்தி வந்து, அம்மா பஸ் மாறி, லோரி மாறி, நடந்து போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து பாலும் தெளித்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. அதைப் பற்றி அம்மா அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் 'பக்கந்தான்' என்ற சொல்லை யார் சொன்னாலும் அவள் முகம் கடுத்துவிடும்.

"நினைச்ச அன்னிக்குப் போயி பிள்ளையைப் பார்த்துட்டு, விளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பி வர்ற தூரமா இருந்தா குடுக்கிறேன்" என்றாள். "இல்லன்னா வேணாம்."

"பஸ்ஸு இருக்கேலா" என்றார் அப்பா.

"பாலம் இருந்தாத்தானே பஸ்ஸு? வருஷா வருஷம் மழையில பாலம் போகுது. இந்த வருஷமும் போயாச்சு. நடந்து போற தூரத்தைச் சொல்லுங்க."

அப்பா மலையைப் பார்த்தார். கண்ணை இடுக்கினார். "ரெண்டு சுருட்டு" என்றார்.

அப்பாவுக்கு எல்லாத் தூரமும் நடந்துகொண்டே பிடித்துத் தீர்க்கும் சுருட்டுத்தான். சீனர் தவுக்கே கடைக்கு அரைச் சுருட்டு. கோயிலுக்கு ஒன்றரை. ரயிலடிக்கு மூன்று. ரப்பர் நிரைகளுக்கு நடுவில், சமமான தரையில், அந்தக் கணக்கு ஒரு நாளும் தவறியதில்லை. அதனால் மலைக்கும் அதுவே போதும் என்று நம்பினார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் வீட்டில் பெரிய மாமா இருந்தார். அம்மாவின் அண்ணன். காம்பாரில் ரயில் பாதை வேலை. தண்டவாளக் கட்டைமேல் நடந்துபோய் ஆணி கழன்றிருக்கிறதா என்று பார்ப்பது. எங்கள் உறவிலேயே கைக்கடிகாரம் கட்டியவர் அவர் ஒருவர்தான். யாரும் மணி கேட்காவிட்டாலும் சொல்வார்.

"மச்சான், சுருட்டெல்லாம் கணக்காலா? மனுஷன் மணிக்கு மூணு மைல் நடப்பான். அது கவர்மெண்டு கணக்கு. இந்த மலை பத்து மைல் இருக்கும். போக வர முழு நாளும் போயிடும். தங்கச்சி சொன்ன கணக்குக்கு இது ஒத்து வராது."

மலை பத்து மைல் என்று மாமாவுக்கு யார் சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. ஏன் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கு ஒரு மகன். எங்களுக்கு முறைப்பையன். அக்காவைக் கேட்கும் உரிமை தனக்குத்தான் என்று மாமா தொட்டில் காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். அந்த அத்தான் நல்லவர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் எதைக் கேட்டாலும், "அம்மாவைக் கேக்கணும்" என்பார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் அதே பதில்தான்.

பெண்ணைக் கொடுக்க ஆசைப்பட்டவருக்கு மலை சின்னது. கேட்க ஆசைப்பட்டவருக்கு மலை பெரியது. இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது இருவரில் யாராவது ஒருவருக்கு உண்மை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வார்த்தை முற்றி, நடந்தே பார்த்துவிடுவது என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி, மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் வந்துவிட வேண்டும். வந்தால் கல்யாணம். வராவிட்டால் இல்லை. பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவார்கள் என்று தரகர் அந்தப் பக்கம் சொல்லி வைத்தார். அப்பா, மாமா, அவர்களோடு அத்தை. அத்தை அப்பாவின் அக்கா. முட்டி வலிக்காரி. பொம்பளை ஒருத்தி பார்க்காமல் வீடு பார்த்ததாக எப்படி அர்த்தம் என்று குடையோடு வந்து நின்றாள்.

நான்காவது ஆள் நான். அம்மாதான் அனுப்பினாள்.

"உங்கப்பன் சொல்றதும் எனக்கு வேணாம், என் அண்ணன் சொல்றதும் வேணாம். நீ பார்த்துட்டு வந்து சொல்லு பாப்பா. எப்ப போய்ச் சேர்ந்தீங்க, எந்த வழி, அந்தப் பையன் என்ன பேசுனான், எல்லாத்தையும்."

பிறகு பெரியவர்கள் மூவரையும் பார்த்து, "அங்க கை நனைச்சிடாதீங்க" என்றாள். "கோப்பி தண்ணி குடிங்க, பரவாயில்ல. உப்புப் பட்டதைத் தொட்டீங்க, சம்மதம்னு ஆயிடும். அப்புறம் பேச்சு மாத்த முடியாது. இருங்க, வழியில சாப்பிடப் புளிச்சோறு கட்டித் தாரேன்."

"ரெண்டு சுருட்டுத் தூரத்துக்குக் கட்டுச்சோறா? பாக்கிறவன் சிரிப்பான்" என்று அப்பா தடுத்துவிட்டார். கையில் எடுத்துப் போனது ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு பொட்டலம் சீனி. வெறுங்கையோடு போகக் கூடாதே என்பதற்காக.

அக்கா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுத் தலை பின்னிவிட்டாள். இழுத்த இழுப்பில் கண்ணில் நீர் வந்தது. "மாமா வேணும்னே பின்தங்குவாரு. விடாத. முன்னால நடக்கச் சொல்லு."

"ஏன்க்கா?"

"சொன்னதைச் செய்யி."

காட்டோரத்தில் வழி இரண்டாகப் பிரிந்தது. இடது கைப் பக்கம் மர லோரிகள் போய்வந்த பழைய தடம். மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல ஏறும். வலது கைப் பக்கம் ஓடை. அது நேராக மேலே ஏறி, இரண்டு முதுகுகளுக்கு நடுவில் இருந்த ஒரு பள்ளத்தில் முடிவதுபோல் தெரிந்தது.

"லோரித் தடத்துல போலாம்" என்றார் மாமா. சுற்றுவழி என்பதால்தான் சொன்னார். நேரம் ஆகட்டும் என்று.

"அது ஊரைச் சுத்தி வரும்லா. ஓடையைப் பிடிச்சா நேரா ஏறிடலாம். அந்தாப் பாரு, பள்ளம் கண்ணுக்குத் தெரியுது. கண்ணுக்குத் தெரியிறது எவ்வளவு தூரம் இருந்துடப் போகுது?"

மாமா கெடுக்க நினைத்துச் சொன்னதுதான் நல்ல வழி. அப்பா சீக்கிரம் போக நினைத்துச் சொன்னதுதான் எங்களைக் கெடுத்தது. கடைசிவரை இருவரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டால் ஒருவருக்கு நல்ல புத்தி இல்லை என்றாகும், இன்னொருவருக்கு நல்ல எண்ணம் இல்லை என்றாகும்.

ஓடையில் ஏறினோம். கல்லெல்லாம் பாசி. அத்தை குடையை ஊன்றி ஏறினாள். ஊன்றிய இடத்தில் குடை மாட்டிக்கொள்ளும், அதைப் பிடுங்க ஒரு ஆள் வேண்டும். அப்பா முதல் சுருட்டைப் பற்றவைத்தார். நாலு இழுப்பில் மரத்திலிருந்து தண்ணீர் சொட்டி அணைந்தது. மறுபடி பற்றவைத்தார். மறுபடி அணைந்தது. நான் மாமாவின் முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனேன். அக்கா சொன்னபடி.

"ஏய், ஏன் தள்ளுற?"

"வழுக்குது மாமா."

ஓர் இடத்தில் நான் தள்ளாமலேயே மாமா வழுக்கினார். மார்புவரை தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். எழுந்ததும் மணியைப் பார்த்து, "எட்டே காலு" என்றார். நாங்கள் மேலும் ஏறினோம். ஏறிக்கொண்டே இருந்தோம். தலைக்கு மேல் வெளிச்சம் மாறி, வயிறு ஒட்டி, அத்தை மூன்று தடவை உட்கார்ந்து எழுந்த பிறகு, "மணி என்ன தம்பி?" என்று கேட்டாள்.

"எட்டே காலு" என்றார் மாமா.

"நல்லதாப் போச்சு. பத்து மணிக்குச் சரியாப் போயிடலாம்" என்றார் அப்பா. "நானும் இன்னும் ஒரு சுருட்டு முடிக்கல. பாதி தூரங்கூட வந்திருக்க மாட்டோம்."

சிரிக்காதீர்கள். சுருட்டு நனைந்து எரியவில்லை. கடிகாரம் நனைந்து ஓடவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆமாம் போட்டன. இருபது வருஷமாக ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொள்ளாத இரண்டு பேர், அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரே கணக்கில் நின்றார்கள். எனக்கு மட்டும் பசி தாங்கவில்லை. இத்தனை காலையில் பசிக்கிறதே, ஏதாவது நோயோ என்று பயந்துபோய்ச் சொல்லாமல் நடந்தேன்.

பள்ளத்தை அடைந்தபோது அதற்குப் பின்னால் இன்னொரு முதுகு இருந்தது. கீழேயிருந்து பார்க்கும்போது அது இல்லை. அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். அது தனக்குத் துரோகம் செய்துவிட்டதுபோல் பார்த்தார்.

அட்டை ஏற ஆரம்பித்தது அங்கேதான். அத்தையின் காலில் வரிசையாகத் தொங்கியது. "தம்பி, அந்தச் சுருட்டைக் குடு. புகையிலையைத் தேச்சாத்தான் இது விழும்."

"சுருட்டைப் பிச்சுக் குடுத்துட்டா நாம எவ்வளவு தூரம் வந்தோம்னு எப்படிக்கா தெரியும்?"

அத்தை குடையை ஓங்கினாள். அப்பா சுருட்டைக் கொடுத்துவிட்டார்.

வாழைப்பழத்தைப் பற்றிய பேச்சை மாமாதான் எடுத்தார். சீப்பில் இரண்டு குறைந்தால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள் என்றார். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகிற சீப்பில் கை வைக்கலாமா என்று அத்தை அதட்டினாள். அப்பாவும் அத்தையின் பக்கம்தான். ஆனால் அதற்குப் பிறகு சீப்பைத் தூக்கிவர இரண்டு ஆண்களுமே போட்டி போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அத்தை அதைப் பிடுங்கித் தன் முந்தானைக்குள் முடிந்துகொண்டாள். நான் அவள் பக்கத்திலேயே நடந்தேன். வாசனையாவது வந்தது.

இரண்டாவது முதுகைத் தாண்டி இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இறக்கத்தில் வழி என்று ஒன்றும் இல்லை. உட்கார்ந்து வழுக்கியும், வேரைப் பிடித்துத் தொங்கியும் இறங்கினோம். காடு முடிந்து மரவள்ளித் தோட்டம் ஒன்று வந்தது. அதற்கு அப்பால் ஒரு லயத்தின் பின்பக்கம். கோழிக்கூண்டு, துணிக்கொடி, விறகடுப்பு. அடுப்பின் முன்னால் கைலி கட்டிய ஓர் அம்மா, முகமெல்லாம் கரியோடு மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். அவரும் அன்றைக்கு நல்ல மனநிலையில் இல்லை என்பது அடுப்பை ஊதிய ஊதலில் தெரிந்தது.

எங்களைப் பார்த்து ஊதுகுழலைக் கீழே போட்டார். நால்வரும் சேறு. அத்தையின் காலில் ரத்தம். மாமாவின் சட்டையில் ஒரு கை இல்லை.

"காட்டுல வழி தப்பிட்டீங்களா? எந்த ஊரு?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் மாமா அவர் விலாவில் இடித்தார். "இந்தக் கோலத்துல பேரைச் சொல்லாதீங்க மச்சான். மானம் போயிடும். காலு கையைக் கழுவிட்டு, நல்லபடியா முன்பக்கமா மாப்பிள்ளை வீட்டுக்குப் போலாம்." அப்பாவுக்கும் அது சரியாகப் பட்டது. "இப்படித்தாங்க, மலைப் பக்கம்" என்று பொதுவாகச் சொன்னார்.

அந்த அம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தகரத் தட்டு நான்கை எடுத்து, ஆவி பறக்கும் கிழங்கை வைத்து, பக்கத்தில் நெத்திலிச் சம்பல் வைத்தார். அந்தச் சம்பலின் உறைப்பு இன்றும் என் நாக்கில் இருக்கிறது. எத்தனையோ ஹோட்டலில் தின்றுவிட்டேன், அந்தப் பக்கம்கூட எதுவும் வரவில்லை. நாங்கள் பேசவே இல்லை. மாமா மூன்று தடவை கேட்டு வாங்கினார். மூன்றாவது தடவை சம்பலை மட்டும் கேட்டார். முன்பின் தெரியாத வீடுதானே, யார் வீட்டில் சாப்பிட்டால் என்ன.

கையைக் கழுவிக்கொண்டே அப்பா கேட்டார். "ஏங்க, இங்க லோரி ஓட்டுற பையன், அம்மாவும் மகனும் மட்டும் இருக்கிற வீடு எது?"

"எதுக்கு?" என்றார் அந்த அம்மா.

"ஒரு நல்ல காரியமா வந்தோம்."

அந்த அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தட்டுகளைப் பார்த்தார். முந்தானையை இழுத்து முகத்துக் கரியைத் துடைத்தார், அது இன்னும் பரவியது. "பத்து மணிக்கு வாரதா சொன்னீங்களே" என்றார். "வடை பாயசமெல்லாம் செஞ்சு வச்சு, நீங்க வரலைன்னு இப்பத்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுத்தேன். பையன் இன்னும் மேல் ரோட்டுல நிக்கிறான். நீங்க லோரித் தடத்துல வருவீங்கன்னு."

அத்தை மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவின் கையில் இன்னும் சம்பல் ஒட்டியிருந்தது. அதைக் கழுவுவதா மறைப்பதா என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அப்பாவுக்கு மட்டும் முகம் மலர்ந்துபோனது. "கை நனைச்சாச்சு. அதுவும் நீ மூணு தடவை மச்சான்" என்றார்.

ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது பையன் வந்தார். போட்டோவில் பார்த்த காது அதேதான். காலையிலிருந்து ரோட்டில் நின்று மழையிலும் நனைந்தவர் எங்களைக் கண்டதும் வணக்கம் சொன்னார். பிறகு நேரே உள்ளே போய் உப்பு எடுத்து வந்து, அத்தையின் முன்னால் குந்தி, அட்டைகளை ஒவ்வொன்றாக விழவைத்தார். அத்தை அவர் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே, "தலைமுடி நல்ல அடர்த்தி" என்று எங்களுக்குக் கேட்கும்படி சொன்னாள். வீடு பார்க்கும் வேலை அவளைப் பொறுத்தவரை அத்தோடு முடிந்தது.

திரும்பும் பேச்சுக்கே இடமில்லை. உண்மையான மணி அங்கேதான் தெரிந்தது. பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மாமா கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு பைக்குள் போட்டார். அன்று அங்கேயே தங்கினோம். அங்கே எங்கள் வீட்டில் விளக்கு வைத்திருப்பார்கள், அம்மா வாசலில் நிற்பாள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவின் கல்யாணம் போச்சு என்றும் தெரிந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பையன் எங்களை லோரித் தடத்தில் அழைத்துக்கொண்டு கிளம்பினார். அத்தையின் குடை அவர் கையில். வழி சுற்றியது, ஆனால் மனிதர் நடக்கிற வழியாக இருந்தது. ஓர் ஆற்றைக் கடந்தோம், வெகுதூரம் போய் இன்னொரு ஆற்றைக் கடந்தோம், நடுவில் மூங்கில் கூட்டம் ஒன்று. அப்பாவுக்கு மனதில் ஒரே அரிப்பு. வீட்டில் போய் என்ன சொல்வது?

"தம்பி, இந்தத் தடத்துல எங்க வீட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியலிங்க" என்றார் அவர்.

"இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"மூங்கில் வரைக்கும் வந்திருக்கேன். அதுக்கு அந்தப் பக்கம் போனதில்லிங்க."

"சும்மா ஒரு உத்தேசமாச் சொல்லுங்கலா" என்று மாமாவும் சேர்ந்துகொண்டார். அவருக்கு வேண்டிய பதில் வேறு, ஆனால் கேள்வி ஒன்றுதான்.

"நடக்காத வழிக்கு எப்படிங்க சொல்றது? நான் பாட்டுக்கு ஒண்ணு சொல்லிடுவேன். வீட்டுல அதை நம்பிக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

அதோடு விட்டுவிட்டார். பின்னால் நடந்த அப்பா மாமாவிடம் தாழ்ந்த குரலில், "கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் பத்தாது போல" என்றார். மாமா முதல் தடவையாக அந்தப் பையனைப் பற்றி நல்லபடியாகத் தலையாட்டினார்.

எங்கள் தோட்டத்தின் எல்லைக்கு வந்தபோது உச்சிப்பொழுது தாண்டி நெடுநேரம் ஆகியிருந்தது. அழைக்காத வீட்டுக்குள் வரக் கூடாது என்று அவர் அங்கேயே நின்றுகொண்டார். குடையை அத்தையிடம் கொடுத்து, என் தலையைத் தட்டிவிட்டு, வந்த வழியே உடனே திரும்பினார்.

அம்மா வாசல் படியில் இருந்தாள். முந்தின நாளிலிருந்தே அங்கேதான் இருந்தாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். திட்டவில்லை. சோறு போட்டாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மாமாதான் முதலில் ஆரம்பித்தார். "தங்கச்சி, நான் சொன்னேன்ல? தூரம். போன அன்னிக்குத் திரும்ப முடியாது. உன் கணக்குப்படி இது ஆகாது."

"கை நனைச்சாச்சு" என்றார் அப்பா. "உங்கண்ணன் மூணு தடவை நனைச்சிட்டாரு. இனிப் பேச்சு மாத்த முடியாது."

"நான் நனைக்கலையே" என்றாள் அம்மா.

இருவரும் அடங்கிவிட்டார்கள். அடுப்படியில் பாத்திரச் சத்தமும் நின்றுபோயிருந்தது. அக்கா அங்கேதான் இருந்தாள். அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டாள். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஓடை, எட்டே காலு, சுருட்டு, வாழைப்பழம், சம்பல், அட்டை, லோரித் தடம், மூங்கில். எதற்கும் அவள் முகம் மாறவில்லை. சுருட்டு நனைந்த இடத்தில்கூடச் சிரிக்கவில்லை.

"அந்தப் பையன் என்ன பேசுனான்?"

"ஒண்ணும் அதிகமாப் பேசலம்மா. அப்பாவும் மாமாவும் எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டாங்க. தெரியலைன்னாரு."

"தெரியலைன்னா சொன்னான்?"

"ஆமா. உத்தேசமாச் சொல்லுங்கன்னு கேட்டதுக்கும் சொல்லல. நான் ஒண்ணு சொல்லிடுவேன், வீட்டுல அதை நம்பிக்கிட்டு உக்காந்திருப்பாங்கன்னாரு."

அம்மா என் பின்னலைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் ஏன் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அவளுக்குத் தெரிந்த ஆண்களெல்லாம், பெற்றவர் முதல் கட்டியவர் வரை, கூசாமல் தூரம் சொன்னவர்கள். அவர்களில் யாரும் அவளிடம் பொய் சொல்ல நினைத்தவர்கள் இல்லை. எல்லோரும் அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார்கள். அந்தச் சமாதானத்தை நம்பித்தான் அவள் தாயின் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

"குடுத்துடலாம்" என்றாள்.

அப்பாவுக்கே புரியவில்லை. "தூரம்னா வேணாம்னு சொன்னியேலா?"

"தூரந்தான். தூரம்னு தெரிஞ்சே குடுக்கிறேன்."

மாமா எழுந்து சட்டையைத் தேடினார், கை இல்லாத அந்தச் சட்டையை. யாரும் அவரைப் பார்க்கவில்லை. வெளியே மழை விட்டிருந்தது. மலை முதுகில் மேகம் படிந்து கிடந்தது. அம்மா மறுபடி வாசல் படிக்குப் போய் நின்று அந்தப் பக்கமே பார்த்தாள். புருவத்துக்கு மேல் கை வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் நின்றாள்.

"இருட்டுறதுக்குள்ள போயிடுவாரா? மாப்பிள்ளை இப்ப எங்க போய்க்கிட்டு இருப்பாரு?"

  எந்தத் தூரத்துக்கும் வாயில் கணக்கு வைத்திருந்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மூங்கிலைத் தாண்டியிருப்பாரும்மா."

அக்கா அந்த மலைப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை.